உங்கள் சாப்பாட்டை நீங்களே அளந்து திருத்த: திருகோணமலை வீட்டுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

திருகோணமலையில் நல்ல சாப்பாட்டுக்கு வேண்டிய பொருளுக்குக் குறைவில்லை. பட்டினத்தைச் சுற்றிக் கடல். தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் எருமைத் தயிர். வேலிக்கு வேலி முருங்கை. இவ்வளவு இருந்தும் கிளினிக் கொப்பியோடு வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் நமக்குத் தெரிந்த முகங்களாகத்தான் இருக்கிறார்கள்.

என் கணிப்பில் பிழை பொருளில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. மதியத் தட்டைப் பாருங்கள்: சோறு குவியலாக, மீன் ஒரு துண்டு, மரக்கறி இரண்டு கரண்டி. கறி என்பதே சோற்றை உள்ளே அனுப்புவதற்கான துணை என்ற கணக்கில் நாம் சாப்பிடுகிறோம். 'சோத்தைக் குறையுங்கோ, கீரை சாப்பிடுங்கோ' என்று யாரும் சொல்லிவிடலாம். இப்போது எவ்வளவு சாப்பிடுகிறீர்கள், எவ்வளவு தேவை, இடைவெளி எங்கே என்று தெரியாமல் அந்த அறிவுரையால் ஒன்றும் நடக்காது. ஒரு கொப்பி, ஒரு அளவு ரேப், முடிந்தால் ஒரு சின்னச் சமையல் தராசு இருந்தால் அதை நீங்களே கண்டுபிடிக்கலாம்.

தொடங்குமுன் ஒரு எச்சரிக்கை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் இதைப் பின்பற்ற வேண்டாம். மற்றவர்களுக்கு நல்லதான பழம், கீரை, பருப்பு அவர்களுக்குக் கட்டுப்படுத்த வேண்டியதாக இருக்கலாம். நீரிழிவுக்குக் குளிசை அல்லது இன்சுலின் எடுப்பவர்கள் சோற்றைத் திடீரென்று குறைத்தால் இரத்தச் சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கக்கூடும். அவர்கள் முதலில் வைத்தியரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் சிறுபிள்ளைகளுக்கும் கணக்கு வேறு, அதற்கு உங்கள் பகுதிக் குடும்ப சுகாதார உத்தியோகத்தரைக் கேளுங்கள்.

விளக்கத்துக்கு ஒரு கற்பனை ஆளை வைத்துக்கொள்வோம். பாலையூற்றிலிருந்து பட்டினத்துக்கு வேலைக்கு வரும் 44 வயது ஆண், சைவக் குடும்பம், வெள்ளிக்கிழமை மரக்கறி. உயரம் 165 செ.மீ., எடை 74 கிலோ, இடுப்பு 96 செ.மீ. 'அண்ணர்' என்று கூப்பிடுவோம்.

படி 1: உடம்பை அளந்து எழுதுங்கள்

காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். எடையைக் கிலோவில் எடுத்து, மீற்றரில் உள்ள உயரத்தால் இரண்டு முறை வகுத்தால் உடல் நிறைச் சுட்டெண் வரும். அண்ணருக்கு 74-ஐ 1.65-ஆல் இரண்டு தரம் வகுத்தால் 27.2. உலகப் பொது அளவில் 25-க்கு மேல்தான் அதிக எடை. ஆனால் ஆசிய உடலமைப்புக்கு 23-இலேயே ஆபத்து ஏறத் தொடங்கி, 27.5-இல் கடுமையாகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004-இல் சொன்ன வரம்பு. அண்ணர் அந்த இரண்டாவது கோட்டின் வாசலில் நிற்கிறார்.

இடுப்புச் சுற்றளவு இதைவிட நேராகப் பேசும். ரேப்பைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில் பிடித்து, மூச்சை இயல்பாக விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்து அளப்பவர்கள் தங்களைத்தான் ஏமாற்றுகிறார்கள். தெற்காசிய ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. எல்லை. இரண்டும் நினைவில் நிற்காவிட்டால், இடுப்பு உயரத்தில் பாதியைத் தாண்டக்கூடாது என்று வைத்துக்கொள்ளலாம்.

இரத்த அழுத்தமும் வெறும் வயிற்று இரத்தச் சீனியும் பார்த்துக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு அரச வைத்தியசாலைகளோடு இணைந்த ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் இவற்றை இலவசமாகப் பார்க்கிறார்கள். உங்களுக்குக் கிட்ட எங்கே, எந்த நாளில் என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேட்டால் சொல்வார்கள்.

படி 2: மூன்று நாள் சாப்பாட்டை எழுதுங்கள்

இதுதான் முழு வேலையின் அத்திவாரம், இதிலேதான் பலர் வழுக்குகிறார்கள். ஒரு நாளை மட்டும் எழுதி முடிவெடுப்பது, ஒரே நாள் மழையைப் பார்த்து வருட மழையைச் சொல்வது போல. ஒன்றையொன்று ஒத்திராத மூன்று நாட்கள் வேண்டும். நம் ஊரில் அதைத் தேர்வது சுலபம்: மீன் வாங்கும் ஒரு வேலை நாள், ஒரு வெள்ளிக்கிழமை, ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூன்றும் மூன்று விதமான சாப்பாடு. வெள்ளி மரக்கறி இல்லாத முஸ்லிம், கிறிஸ்தவ வீடுகளில் இரண்டு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும் போதும். நோன்பு மாதம், கந்தசஷ்டி, கோயில் திருவிழா, கல்யாண வீடு, செத்தவீடு வரும் கிழமைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

எழுதும் நாளில் நல்ல பிள்ளையாகச் சாப்பிடாதீர்கள். கொப்பி திறந்ததும் வடையை ஒதுக்கிவைத்தால், திருத்த வேண்டியது எது என்று தெரியாமலே போய்விடும். அப்படி ஒதுக்காதவர்கள்கூடத் தங்கள் சாப்பாட்டைக் குறைத்தே சொல்வார்கள் என்பது இந்தத் துறையில் எல்லோரும் அறிந்தது. அதனால் சாப்பிட்ட உடனே எழுதுங்கள், அல்லது தட்டைப் போனில் படம் பிடித்துவிட்டு இரவில் எழுதுங்கள். நேரம், இடம், என்ன, எவ்வளவு, எப்படிச் சமைத்தது என்ற ஐந்தும் இருக்க வேண்டும். 'மீன்' என்று எழுதினால் போதாது. 'சூரை, குழம்பு, ஒரு துண்டு' என்றும், 'சாளை, பொரியல், மூன்று' என்றும் எழுதினால்தான் கணக்குக்கு உதவும்.

படுக்கப் போகுமுன் ஒரு தரம் வாசித்து, விட்டுப்போனதைத் தேடுங்கள். விட்டுப்போவது எப்போதும் ஒரே வகைதான்: கந்தோரில் குடித்த இரண்டாவது தேநீர், அதோடு வந்த பிஸ்கட், பிள்ளை மிச்சம் வைத்த புட்டு, உப்புப் பார்க்க வாயில் போட்டது, பின்னேரம் கடற்கரையில் கொறித்த கச்சான் சரை. சமைக்கும் அம்மாமாருக்கு இந்த 'விட்டுப்போன' பட்டியல் சிலவேளை ஒரு நேரச் சாப்பாட்டின் அளவுக்கு வரும்.

அண்ணரின் புதன்கிழமை இப்படி இருந்தது. விடிய ஒரு பால் தேநீர், இரண்டு தேக்கரண்டி சீனி. காலை பத்து இடியப்பம், சொதி, சம்பல். பத்து மணிக்குப் பிளேன்ரீ, இரண்டு தேக்கரண்டி சீனி, ஒரு பருப்பு வடை. மதியம் மூன்று கோப்பை சோறு, சூரைக் குழம்பில் ஒரு துண்டு, பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, கத்தரிக்காய்ப் பால்கறி இரண்டு மேசைக்கரண்டி, முருங்கையிலை வறை ஒரு மேசைக்கரண்டி, அப்பளம். பின்னேரம் பால் தேநீர், இரண்டு தேக்கரண்டி சீனி, மூன்று பிஸ்கட். இரவு அரை றாத்தல் பாண், மத்தியானத்துக் குழம்பு. படுக்கும்போது ஒரு கதலிப்பழம்.

இதில் கெட்ட சாப்பாடு என்று சொல்ல ஒன்றும் இல்லை. அதைக் கவனியுங்கள்.

படி 3: கோப்பையைக் கிராமாக்குங்கள்

வழிகாட்டிகள் கிராமில் பேசும், குசினி கரண்டியில் பேசும். தராசு இருந்தால் ஒரு நாள் உட்கார்ந்து உங்கள் வீட்டுக் கோப்பை, கரண்டி, அகப்பை ஒவ்வொன்றும் எவ்வளவு பிடிக்கும் என்று அளந்து கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். தராசு இல்லாவிட்டால் 200 மில்லிலீற்றர் தேநீர்க் கோப்பையை வைத்து இந்தத் தோராயம் போதும்:

சோறு ஒரு கோப்பை ஏறத்தாழ 150 கிராம், அதில் புரதம் 4 கிராம்.
சமைத்த மரக்கறி அரைக் கோப்பை ஏறத்தாழ 80 கிராம்.
மட்டமான ஒரு தேக்கரண்டி சீனி, உப்பு எதுவானாலும் சுமார் 5 கிராம்.
முட்டை ஒன்றில் புரதம் 6 கிராம். உள்ளங்கை அளவு சமைத்த மீனில் 20.
கட்டியான பருப்புக் கறி அரைக் கோப்பையில் 8, அவித்த கடலை அரைக் கோப்பையில் 7, ஒரு பிடி கச்சானில் 7, தயிர் அரைக் கோப்பையில் 4.
கால் றாத்தல் பாணில் 9.

கிராம் சுத்தம் பார்க்காதீர்கள். கலோரி கூட்டுவதும் வேண்டாம் என்றே சொல்வேன். வீட்டுச் சமையலில் எண்ணெயையும் தேங்காய்ப்பாலையும் சரியாக அளக்க முடியாது, கூட்டிய தொகை எப்படியும் பிழைக்கும். சாப்பாடு உடம்பின் தேவையை மிஞ்சுகிறதா என்பதை இடுப்பு ரேப்பே சொல்லிவிடும்.

படி 4: குசினிக் கணக்கு

உப்பு, சீனி, எண்ணெய் மூன்றையும் தட்டைப் பார்த்து அளக்க முடியாது, அவை கறிக்குள் மறைந்திருக்கும். இதற்கு மூன்று நாள் கொப்பி உதவாது. பக்கெற்றைத்தான் கேட்க வேண்டும். புதிய உப்புப் பக்கெற்றை உடைக்கும் நாளில் அதன்மேல் பேனாவால் திகதி எழுதுங்கள். முடியும் நாளையும் எழுதுங்கள். அவ்வளவுதான்.

உலக சுகாதார நிறுவனம் வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பு என்கிறது. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் அது 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ உப்பு குறைந்தது 50 நாட்கள் போக வேண்டும். வெளியே சாப்பிடும் உப்பையும் பாண், கருவாடு, அப்பளம், சூப் கட்டி, ரின் மீன் ஆகியவற்றில் வரும் உப்பையும் சேர்க்காமலே இந்தக் கணக்கு. பாணில் மட்டும் வழக்கமாக 100 கிராமுக்கு ஒரு கிராம் அளவில் உப்பு இருக்கும். அரை றாத்தல் சாப்பிட்டால் இரண்டு கிராமுக்கு மேல் அதிலேயே போய்விட்டது. ஆகவே வீட்டுப் பக்கெற் 50 நாளைத் தாண்டி நின்றால்தான் நிம்மதி. மீன் கழுவவும் பாத்திரம் தேய்க்கவும் உப்பு எடுப்பவர்கள் அதற்கு வேறு பக்கெற் வைத்துக்கொள்ளுங்கள். சமையலுக்கு அயடின் சேர்த்த உப்பு, மற்றதற்கு எதுவும்.

சீனிக்கும் இதே வழி. ஒரு நாளில் எடுக்கும் சக்தியில் பத்து வீதத்துக்குள் சேர்த்த சீனி இருக்க வேண்டும், ஐந்து வீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்பது வழிகாட்டி. 2000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 50 கிராம், நல்ல அளவு 25 கிராம். நான்கு பேருக்கு ஒரு கிலோ சீனி ஐந்து நாளில் முடிந்தால் எல்லையில் நிற்கிறீர்கள், பத்து நாள் போனால் நல்ல இடத்தில் இருக்கிறீர்கள். பனங்கட்டியும் தேனும் கித்துள் பாணியும் இந்தக் கணக்கில் சேரும். 'நான் சீனி போடுறதில்லை, பனங்கட்டி கடிச்சுக்கொண்டுதான் குடிக்கிறனான்' என்று பெருமையாகச் சொல்பவர்களோடு நான் வாதாடுவதை நிறுத்தி நாளாகிறது.

போத்தல் பானங்களில் இலங்கையில் 2016 முதல் நிறக் குறி இருக்கிறது. 100 மில்லிலீற்றரில் சீனி 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2-க்குக் கீழே பச்சை. 10 கிராம் உள்ள பானமும் செம்மஞ்சள்தான் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அதில் 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று குடித்தால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. நிறத்தோடு நிற்காமல் எண்ணையும் பாருங்கள்.

எண்ணெயில்தான் நம் ஊரில் சண்டை வரும். நிறைவுற்ற கொழுப்பு சக்தியில் பத்து வீதத்துக்குள் இருக்க வேண்டும். 2000 கலோரிக்கு அது 22 கிராம். தேங்காயெண்ணெய் ஒரு மேசைக்கரண்டியில் கிட்டத்தட்ட 12 கிராம் இருக்கிறது. இரண்டு மேசைக்கரண்டியோடு அன்றைய பங்கு முடிந்தது. தேங்காய்ப் பாலின் முதற்பால் அரைக் கோப்பையிலும் சுமார் 20 கிராம் வந்துவிடும். 'எங்கட பாட்டி சாப்பிட்டவதானே' என்பது பதிலாகாது. பாட்டி நெல் குத்தினா, கிணற்றில் தண்ணீர் அள்ளினா, எங்கும் நடந்தா. தேங்காயை விடச் சொல்ல எனக்கு மனமில்லை, தேவையும் இல்லை. சொதிக்கு இரண்டாம் பாலைப் பிழியலாம். கட்டிப்பால் கறி ஒரு நாளைக்கு ஒன்று போதும். பால்கறி வைத்த நேரத்தில் பொரியல் வேண்டாம். நான்கு பேருள்ள வீட்டில் 750 மில்லிலீற்றர் போத்தல் பன்னிரண்டு நாளாவது நிற்கிறதா என்று பாருங்கள். அது ஆளுக்கு ஒரு நாளில் ஒரு மேசைக்கரண்டிக் கணக்கு.

படி 5: ஒப்பிட்டுப் பாருங்கள்

இலங்கைச் சுகாதார அமைச்சின் உணவு வழிகாட்டி சாப்பாட்டை ஆறு கூட்டமாகப் பிரிக்கிறது: தானியமும் கிழங்கும், மரக்கறி, பழம், மீன்-இறைச்சி-முட்டை-பருப்பு, பால் வகை, விதையும் கொட்டையும். மூன்று நாளின் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எந்தக் கூட்டம் என்று எழுதிக்கொண்டே போங்கள். அண்ணரின் கொப்பியில் இந்த வேலை முடிந்தபோது தானியம் எல்லா நேரத்திலும் இருந்தது. மற்றவை இங்கொன்றும் அங்கொன்றுமாகத்தான் இருந்தன.

அடுத்து மரக்கறியையும் பழத்தையும் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு 400 கிராம் என்பது உலக அளவு. உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை இதில் சேராது, அவை சோற்றின் சொந்தக்காரர்கள். சம்பலில் அரைபட்ட வெங்காயத்தையும் குழம்பில் மிதக்கும் கறிவேப்பிலையையும் எண்ண வேண்டாம். அண்ணருக்குக் கத்தரிக்காய் 40, முருங்கையிலை 15, கதலிப்பழம் 70. மொத்தம் 125 கிராம், தேவையில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. நம் வீடுகளில் நான் காணும் மிகப் பெரிய ஓட்டை இதுதான். நார்ச்சத்து 25 கிராம் வேண்டும் என்ற வரியும் இதோடு சேர்ந்தே விழுகிறது.

புரதத்தில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. வளர்ந்தவருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் என்பது கணக்கு, அண்ணருக்கு 61 கிராம். புதன்கிழமை அவர் 64 கிராம் அளவில் எடுத்திருக்கிறார். சரி, போதும்தானே என்று தோன்றும். அதில் 38 கிராம் இடியப்பமும் சோறும் பாணும் கொடுத்தது. அரிசி, கோதுமைப் புரதத்தில் லைசின் என்ற கூறு குறைவு. பருப்பும் கடலையும் மீனும்தான் அதை நிரப்ப வேண்டும். அதோடு, தானியத்திலிருந்து புரதம் எடுக்கப் போனால் தேவைக்கு மேலான மாச்சத்தும் கூடவே வரும். வெள்ளிக்கிழமை நிலைமை இன்னும் மோசம். மீன் கொடுத்த 13 கிராம் போய், அந்த இடத்துக்கு எதுவும் வரவில்லை. மரக்கறி நாள் என்றால் சுத்தமான நாள் என்று நினைக்கிறோம். கொப்பியில் பார்த்தால் பல வீடுகளில் அது கத்தரிக்காயும் அப்பளமும் கூடுதல் சோறும் உள்ள நாள்.

சீனி: மூன்று தேநீரில் 30 கிராம், பிஸ்கட்டில் ஏறத்தாழ 6. 50-க்குள் நிற்கிறது, 25-ஐத் தாண்டிவிட்டது. ஞாயிறு ஒரு சோடாப் போத்தல் சேர்ந்தால் 76.

பெண்கள் இன்னொரு பரிசோதனையும் செய்து பார்க்கலாம். 15 முதல் 49 வயதுப் பெண்களுக்காக ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் பத்துக் கூட்டப் பட்டியல் ஒன்று வைத்திருக்கிறது: தானியம்-கிழங்கு, பருப்பு வகை, கொட்டை-விதை, பால் வகை, மீன்-இறைச்சி, முட்டை, கடும்பச்சைக் கீரை, பூசணி பப்பாசி போன்ற செம்மஞ்சள் மரக்கறி-பழம், மற்ற மரக்கறி, மற்றப் பழம். ஒரு நாளில் ஐந்து கூட்டமாவது, ஒவ்வொன்றிலும் ஒரு மேசைக்கரண்டிக்குக் குறையாமல் வர வேண்டும். மக்கள் தொகை ஆய்வுக்கென்று செய்யப்பட்ட அளவுகோல் இது, தனி ஆளுக்குத் தீர்ப்புச் சொல்லாது. ஆனாலும் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் குழம்போடு சாப்பிடும் அம்மாவின் தட்டில் எத்தனை கூட்டம் மிஞ்சுகிறது என்று எண்ணிப் பார்ப்பது வீட்டாருக்கு நல்லது.

படி 6: திருத்தத்தைத் தொடங்குங்கள்

ஐந்து ஓட்டை தெரிந்தாலும் ஒரே நேரத்தில் ஐந்தையும் அடைக்கப் போகாதீர்கள். இரண்டு கிழமைக்கு ஒன்று. முதலாவது, சேர்ப்பதாக இருக்கட்டும். குறைப்பதில் தொடங்கினால் வீட்டில் சண்டை வரும், மூன்றாம் நாள் கைவிடப்படும்.

முதல் இரண்டு கிழமை, மதியத் தட்டில் பரிமாறும் வரிசையை மட்டும் மாற்றுங்கள். முதலில் மரக்கறி இரண்டு வகை, ஒவ்வொன்றும் அரைக் கோப்பை. பிறகு மீனோ பருப்போ. மிஞ்சிய இடத்தில் சோறு. தட்டின் பாதி மரக்கறியும் பழமும், கால் சோறு, கால் புரதம் என்று பல நாட்டு வழிகாட்டிகளும் படம் போடுகின்றன. மூன்று கோப்பை சோறு சாப்பிடுபவரை ஒரே நாளில் அங்கே கொண்டுபோக முடியாது. அண்ணருக்கு இரண்டு கோப்பையில் நின்றாலே பெரிய காரியம்.

எந்த மரக்கறி என்றால், மலிவானது. முருங்கையிலை, வல்லாரை, பொன்னாங்காணி, பசளி, கங்குன், அகத்தி எதுவும் நல்லது. வறையாகவோ சுண்டலாகவோ தினம் ஒன்று. இறக்கியபின் தேசிக்காய்ப் புளி விட்டால் கீரையில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் சேர உதவும். அதே சாப்பாட்டோடு தேநீர் குடித்தால் அது தடுக்கும். சாப்பிட்ட கையோடு பிளேன்ரீ குடிக்கும் பழக்கத்தை ஒரு மணித்தியாலமாவது தள்ளிவைக்க வேண்டும், இரத்தச்சோகை உள்ளவர்கள் கட்டாயம்.

பழத்துக்கு ஆப்பிளைத் தேடி அலைய வேண்டாம். பப்பாசி, கொய்யா, வாழை, வெயில் காலத்தில் வத்தகப்பழம், காட்டுப்பக்கத்திலிருந்து விற்பனைக்கு வரும்போது பாலைப்பழம், நாவல், விளாம்பழம். சாறாகப் பிழிந்து சீனி போட்டால் அது பழம் என்ற வரியிலிருந்து சீனி வரிக்குப் போய்விடும். அண்ணருக்குக் காலையில் ஒரு துண்டுப் பப்பாசி 100 கிராம், மதியம் இரண்டு மரக்கறி 160, இரவு அரைக் கோப்பை மரக்கறி 80, பழைய கதலிப்பழம் 70. கூட்டினால் 410. வேறெதையும் தொடாமலே 400 தாண்டிவிட்டது.

அடுத்த இரண்டு கிழமை இரவுச் சாப்பாடு. சீனக்குடாவில் அவ்வளவு பெரிய மா ஆலை இருக்கும் ஊர் என்பதாலோ என்னவோ, இரவானால் நமக்குப் பாணும் ரொட்டியும்தான். அரை றாத்தலைக் கால் றாத்தலாக்கி, அந்த இடத்தில் ஒரு அவித்த முட்டையும் அரைக் கோப்பை கடலை அல்லது கௌபியும் வையுங்கள். பாணில் குறையும் 9 கிராம் புரதத்துக்கு 13 கிராம் வருகிறது. உப்பும் குறைகிறது. புட்டுச் சாப்பிடுபவர்கள் மாவில் பாதியைக் குரக்கன் ஆக்கலாம், ஆனால் குரக்கன் புட்டு என்பதற்காக இரண்டு மடங்கு சாப்பிடக்கூடாது. அரிசியிலும் ஒரு கவனம் வேண்டும்: சிவப்பரிசி என்றாலே தவிட்டரிசி ஆகிவிடாது. தீட்டிய சிவப்பரிசியும் கடையில் இருக்கிறது. 'தீட்டாததா?' என்று கேட்டு வாங்குங்கள்.

வெள்ளிக்கிழமைக்குத் தனித் திட்டம் தேவை. கட்டிப் பருப்பு அரைக் கோப்பை, காலையில் அவித்த பயறு அல்லது கடலை, மதியம் சோற்றோடு தயிர், பின்னேரம் பிஸ்கட்டுக்குப் பதில் ஒரு பிடி கச்சான். மீன் விட்ட 13 கிராமை இவை தாராளமாக நிரப்பும். தயிருக்குமேல் பாணியோ சீனியோ ஊற்றுவது வேறு கதை.

மீனைப் பற்றிச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். அறுக்குளா வாங்கினால்தான் மீன் என்று நினைக்காதீர்கள். சாளை, கும்பளா, நெத்தலி போன்ற சின்ன மீன்களில் இதயத்துக்கு நல்ல ஒமேகா-3 கொழுப்பு இருக்கிறது. நெத்தலியை முள்ளோடு சாப்பிடுவதால் கல்சியமும் கிடைக்கும், விலையும் கைக்கு அடங்கும். பொரியலைக் கிழமையில் ஒரு நாளுக்கு ஒதுக்கிவிட்டு மற்ற நாள் குழம்பு, தீயல், அவியல் என்று போகலாம். வாடைக் காற்றுக் காலத்தில், கார்த்திகை மார்கழியில், கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாட்களில் மீன் விலை ஏறும், கையில் கருவாடும் ரின் மீனும் வரும். கருவாட்டை வெந்நீரில் ஊறவைத்து அந்த நீரை ஊற்றிவிட்டுச் சமையுங்கள், கறிக்கு உப்புப் போடாதீர்கள். ரின் மீனின் உப்புநீரையும் வடித்துவிடுங்கள். அந்த மாதங்களில் முட்டையும் பருப்பும் கடலையும் முன்னுக்கு வரட்டும். மழைக்கு வளவில் கீரை தானாகவே முளைக்கும் காலமும் அதுதான்.

தேநீர்ச் சீனியை இரண்டிலிருந்து ஒன்றரை, பிறகு ஒன்று என்று இறக்குங்கள். அண்ணருக்கு மூன்று கோப்பைக்கு 15 கிராம் மிச்சம். நாக்குப் பழகக் கொஞ்ச நாள் எடுக்கும். உப்பும் அப்படித்தான். ஒரேயடியாகக் குறைத்தால் கறி சப்பென்று இருக்கும், மெல்ல மெல்லக் குறைத்துப் புளியையும் மிளகையும் கூட்டினால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

கடைச் சாப்பாட்டை முற்றாக நிறுத்துவது நடக்காத காரியம், நானும் அதைக் கேட்கவில்லை. சோற்றுப் பார்சல் வாங்கினால் அதை இரண்டு பேர் பிரித்து, வீட்டிலிருந்து ஒரு முட்டையும் வெள்ளரிக்காயும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொத்து ரொட்டிக்கு 'ரொட்டி குறைய, மரக்கறி கூட' என்று சொல்லிப் பாருங்கள், பெரும்பாலும் போட்டுத் தருவார்கள். றோல்ஸ், பற்றிஸ், மிதிவெடி மூன்றும் ஒரே குடும்பம்தான்: மா, எண்ணெய், கிழங்கு. பத்து மணித் தேநீரோடு தினம் ஒன்று என்பதைக் கிழமைக்கு ஒன்று ஆக்கினால் போதும்.

படி 7: மறுபடி அளவுங்கள்

ஆறு கிழமை முடிந்ததும் அதே மாதிரி மூன்று நாட்கள் எழுதுங்கள்: ஒரு மீன் நாள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு. எடையை அதே தராசில், அதே காலை நேரத்தில் பாருங்கள். இடுப்பை அதே இடத்தில் அளவுங்கள். உப்பு, சீனிப் பக்கெற்றின் திகதிகளைப் பழையதோடு ஒப்பிடுங்கள். இடுப்பு ஒன்றிரண்டு செ.மீ. இறங்கியிருந்தால் வழி சரி, எடை அசையாமல் நின்றாலும் பரவாயில்லை. இரண்டும் அசையவில்லை, மரக்கறி மட்டும் 400-ஐத் தொட்டிருக்கிறது என்றால் சோறு இன்னும் குறையவில்லை என்று அர்த்தம். மதியம் அரைக் கோப்பை குறைத்துப் பாருங்கள். கிழமைக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்கிறீர்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். காலையில் கடற்கரை வீதியில் நடப்பவர்கள் முடிவில் கடையில் வடையோடு பால் தேநீர் குடித்தால் அதையும் கொப்பியில் எழுத வேண்டும்.

முயற்சி எதுவும் இல்லாமல் எடை வேகமாக இறங்கினாலோ, தாகமும் சிறுநீரும் கூடினாலோ, களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தாலோ சாப்பாட்டுக் கணக்கை மூடிவைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். அப்போது இந்தக் கொப்பியையும் எடுத்துப் போங்கள். 'என்ன சாப்பிடுறீங்கள்?' என்ற கேள்விக்கு 'சும்மா சாதாரணமாத்தான்' என்று சொல்வதைவிட, மூன்று நாள் பக்கத்தைத் திறந்து காட்டினால் வைத்தியருக்கும் போசாக்கு ஆலோசகருக்கும் வேலை பாதியாகும்.